மலையுச்சியிலிருந்து தங்கையைக் கூப்பிட்டோம்

2007 ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, காலைப் பூசை முடிந்த கையோடு லவாலில் இருந்து மொன்றியல் மலைக்குப் போனோம். நானும், எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் நஷிபாயி அக்காவும். அக்கா கென்யாவின் மசாய் இனத்தவர். அவருடைய தங்கைக்கு என் வயது, பதினான்கு. அவளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். பரீட்சை முடியும் வரையாவது பொறுக்கும்படி தகப்பனிடம் கேட்க வேண்டும். கீழ்த்தளத்தில் இருந்து கேட்க வாய் வராது, மலையில் நின்றால்தான் வரும் என்றார். (அவர் பேசிய ஆங்கிலத்தை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.)

புது மெட்ரோவில் ஜோன்-ராலோனுக்கு வந்து, நீலப் பாதையில் மாறி, பார்க் நிலையத்தில் இறங்கினோம். பக்கத்துத் தமிழ்க் கடையில் ஐந்து டொலருக்கு ஃபோன் கார்ட்.

“கென்யாவுக்கோ? இது யாழ்ப்பாணத்துக்குத்தான் நல்லா இழுக்கும், தங்கச்சி. மற்றதைக் கொண்டு போங்கோ. நம்பரை அடிச்சா ஒரு பொம்பிளை அரை மணித்தியாலம் இருக்கு எண்டுவா. நம்பாதேங்கோ!” என்றார் கடைக்கார அண்ணை.

அங்கிருந்து 80ஆம் இலக்க பஸ். மலையடியில் இருந்து மேலே நடக்க முக்கால் மணி நேரம். மேப்பிள் இலைகள் சத்தமில்லாமல் விழுந்துகொண்டே இருந்தன. உச்சியில் நின்று பார்த்தால் பனிமூட்டத்துக்குள் கட்டடங்களின் தலைகள் மட்டும் மிதந்தன. நகரம் இன்னும் கனவில் இருந்து எழும்பவில்லை போல.

உச்சியில் இருக்கும் மண்டபத்துப் பொதுத் தொலைபேசியில் பகல் பன்னிரண்டுக்கு அழைத்தோம். அங்கே மாலை ஏழு. ரிசீவரில் நானும் காதை ஒட்டிக்கொண்டேன். தகப்பன் சுருக்கமாக ஏதோ சொன்னார். பிறகு யாரோ ஃபோனைக் கையில் கொண்டு நடக்கிற சத்தம். காற்று, மாட்டு மணிகள், மறுபடியும் காற்று. அவர்களோடு நானும் அந்தப் புல்வெளியில் நடப்பது போல இருந்தது.

“தங்கச்சி வீட்டிலதானே இருக்கவேணும். ஏன் இவ்வளவு தூரம் போயினம்?” என்றார் அக்கா.

ஒரு சின்ன மூச்சுச் சத்தம். அக்கா, “எந்தித்தோ!” என்று கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, “சியாங்கிகி” என்றார். உடனே பதில் வந்தது.

முதற்சொல் சிறுமிக்கு உரியதாம். மற்றது மணமான இளம் பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தபின் பழைய சொல்லுக்குப் பதில் சொல்வது முறையில்லையாம்.

பரீட்சை பற்றி அக்கா பேசவில்லை. கார்ட் தீரும் வரை ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். அது என்னவென்று கேட்டேன். “பிள்ளை உண்டானால் ஆஸ்பத்திரிக்குப் போ எண்டனான். எனக்கும் பதினாலிலதான் கல்யாணம். வலி ரெண்டு நாள் விடேல்ல. பிள்ளை தங்கேல்ல.”

போகிறவர்களுக்கு: பஸ்ஸுக்கு மெட்ரோவின் மாற்றுச் சீட்டே போதும். இலைகள் ஈரமானால் வழுக்கும், நல்ல சப்பாத்து போடுங்கள். இறங்கும்போது அவசரப்படாதீர்கள். நாங்கள் மிக மெதுவாக இறங்கினோம்.

பாதி வழியில் அக்கா கேட்டார். “உனக்குக் கல்யாணம் முடிஞ்ச பிறகு அம்மா உன்னை என்னெண்டு கூப்பிடுவா?”

“பிள்ளை எண்டுதான்.”

“கிழவியானாலும்?”

“ஓம். அப்பவும் பிள்ளைதான்.”

அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ‘ள்’ மட்டும் கடைசிவரை சரியாக வரவில்லை.

“அடுத்த ஞாயிறு அவளை இப்பிடித்தான் கூப்பிடப் போறன்,” என்றார். “இதுக்குப் பதில் சொல்லக்கூடாது எண்டு அங்க ஒருத்தரும் அவளுக்குச் சொல்லேல்லத்தானே.”