இடது பக்கத்துப் பின்கதவு

கார் வாங்கியபோது எங்கள் வீட்டில் ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சிவகாசி அரசு மருத்துவமனையில் நர்ஸ் வேலை எனக்கு. விஸ்வநத்தம் ரோட்டின் குண்டுகுழியில் வருஷக்கணக்காக ஸ்கூட்டர் ஓட்டி இடுப்பு போய்விட்டதால், நாற்பது வயதுக்கு மேல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கற்றுக்கொண்டேன். என் கணவர் கணக்கு வாத்தியார். அவரிடமும் லைசென்ஸ் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது, அதன்பின் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஆகவே ஓட்டுவது நான், வண்டியைப் பார்த்துக்கொள்வது அவர் என்று பேசாமலே முடிவாகிவிட்டது.

வண்டி அடர் நீலக் கலர். அந்தக் கலரில் தூசி, விரல்தடம், தண்ணீர்ப் பொட்டு எல்லாம் பளிச்சென்று தெரியும் என்று ஷோரூமிலேயே சொன்னார்கள். நான்தான் பிடிவாதமாக நீலம் கேட்டேன்.

வண்டி வந்த நாளிலிருந்து அவர் போனும் கையுமாக இருந்தார். காரைக் கழுவும் வீடியோக்கள். சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. கண்ணாடிக்கு ஒரு துணி, மேல்பாகத்துக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. எங்கள் போர் தண்ணீர் உப்பு. காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழுந்துவிடும். அதனால் கடைசி அலசலுக்குக் குடிதண்ணீர் கேனைக் கவிழ்த்தார். சமைக்கப் போனால் அடுப்படியில் தண்ணீர் இருக்காது.

"பெயிண்ட்டுக்கு மேல ஒரு கோட்டிங் குடுத்துட்டா போதும், அப்புறம் எதுவும் ஒட்டாது. விருதுநகர்ல ஒரு கடை இருக்கு. லீவுல போயிருவோம்" என்பார் தினமும்.

எதிர்வீட்டுப் பெண், பக்கத்து ஊரான எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். என்னைவிட இளையவள். வேலை முடிந்து வேனிலிருந்து இறங்கினால் எங்கள் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டாள். காரைப் பார்க்க வந்தவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிவந்தாள்.

"தொட மாட்டேன் சிஸ்டரக்கா. கையெல்லாம் அலுமினியப் பவுடரு. சார் வைவாக."

"ஏன், தொடு" என்றேன். இவர் துணியோடு பக்கத்தில் நின்றார்.

அந்தச் சமயம்தான் மதுரையில் எங்களுக்கு ஒரு பயிற்சி போட்டார்கள். அங்கேயே தங்க வேண்டும். வெள்ளிக்கிழமை திரும்பி வந்தபோது வண்டி போர்டிகோவில் உறை போட்டு நின்றது. வீட்டுக்குள் இவர் ஆளே மாறிப்போயிருந்தார்.

"லீவு விட்டாச்சே, விருதுநகருக்கு எப்பப் போறோம்?" என்று கேட்டேன்.

"கோட்டிங்கெல்லாம் சும்மா ஏமாத்து வேலை. கம்பெனி பெயிண்ட்டே போதும்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு மாதமாகச் சாப்பாட்டில்கூடக் கோட்டிங் பேச்சு பேசிய மனிதர். போனில் அந்த வீடியோக்களையே காணோம். இரண்டு வாளியும் மாடிக்குப் போய்விட்டன. உறையை எடுக்கப் போனால், "தூசி விழும், இருக்கட்டும்" என்றார். ட்யூட்டிக்குக் காரில் போகிறேன் என்றால், "நான் பைக்ல கொண்டுபோய் விடுதேன்" என்று சாவியை எடுத்து வைத்துக்கொண்டார். உடம்புக்கு ஏதும் முடியவில்லையோ என்று பி.பி. பார்த்தேன். சரியாக இருந்தது. பேசாமல் கையை நீட்டிக் காட்டியதுதான் இன்னும் குழப்பியது. முந்தியெல்லாம் பி.பி. பார்க்கக் கூப்பிட்டால் ஓடிப்போகிறவர்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி கேட்டாள்: "கதவு நல்லா இருக்காக்கா?"

"எந்தக் கதவு?"

மழைக்குப் பாத்ரூம் கதவு ஊதிப்போய் இழுக்க முடியாமல் இருந்தது. அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "ஆசாரி வரணும்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் நின்ற இவரைப் பார்த்தாள், உலையில் அரிசி போட வேண்டும் என்று போய்விட்டாள்.

அடுத்த வாரம் நானே போன் செய்து விருதுநகர் கடையில் நேரம் சொல்லி வைத்தேன். வரமாட்டேன் என்றவர், நான் மாற்றுச் சாவியைப் போட்டு வண்டியை வெளியே எடுத்ததும் ஓடிவந்து ஏறிக்கொண்டார். வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

கடைக்காரர் சட்டையில் சொட்டுத் தண்ணீர் படாமல் வேலை செய்கிற ஆள். நுரை அடித்து, கழுவி, காற்றடித்துக் காயவைத்தார். பிறகு பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு பானட்டைத் தடவச் சொன்னார். வெறும் கைக்கு வழுவழுவென்று இருந்த இடம் கவர் வழியாக மணல்தாள்போல் நெருநெருத்தது. "சிவகாசி வண்டி எல்லாம் இப்படித்தான் மேடம். காத்துல வர்றது அம்புட்டும் ஒட்டிக்கிடும்" என்றார். களிமண் மாதிரி ஒரு கட்டியை ஈரத்தில் வைத்துத் தேய்க்கத் தேய்க்க, கட்டி கறுத்து, பரப்பு நிஜமாகவே வழுவழுப்பானது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இதைப் பார்க்கத்தானே இவர் ஒரு மாதம் துடித்தார்? திரும்பிப் பார்த்தேன். டீ குடிக்கப் போயிருந்தார்.

அப்புறம் பெயிண்ட்டின் கனம் பார்க்கிற சின்ன மீட்டரை எடுத்து ஒவ்வொரு இடமாக வைத்துக்கொண்டு வந்தார் கடைக்காரர். இடது பக்கத்துப் பின்கதவில் நின்றார். மறுபடி வைத்துப் பார்த்தார்.

"மேடம், இது புது வண்டிதானே?"

"புதுசுதான்."

"இந்தக் கதவு மட்டும் ரெண்டு மடங்கு காட்டுது. மறுபடி பெயிண்ட் அடிச்சிருக்காக."

அங்கேயே நின்று ஷோரூம் மேனேஜருக்குப் போன் போட்டேன். புது வண்டி என்று அடிபட்ட வண்டியைத் தலையில் கட்டிவிட்டீர்களே என்று ஆரம்பித்து, வார்டில்கூட அப்படிக் கத்தியதில்லை, அப்படிக் கத்தினேன். அவர் மறுக்கவே இல்லை.

"மேடம், லாரியில ஏத்தி எறக்கும்போது லேசா ஒரசியிருக்கும். எங்க ஆளுக சரிபண்ணிருப்பாக. விசாரிச்சுச் சொல்லுதேன் மேடம்" என்று வைத்துவிட்டார்.

திரும்பினால் இவர் டீ கிளாஸைக் கையிலேயே பிடித்தபடி நிற்கிறார்.

"அவரைத் திட்டாத" என்றார். "அது நான்தான்."

"எது நீங்க?"

"கதவு."

நான் மதுரையில் இருந்தபோது நடந்தது. காலையில் கழுவ ஆரம்பித்திருக்கிறார். வெயில் ஏறிவிட்டது. வெயிலில் சோப்பு காய்ந்தால் பெயிண்ட்டில் திட்டு விழும் என்று வீடியோவில் சொன்னார்களாம். எதிர்ப்பக்கத்து வேப்பமர நிழலுக்குத் தள்ளிவிடலாம் என்று சாவியைப் போட்டு ரிவர்ஸ் எடுத்திருக்கிறார். பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஸ்டியரிங்கை எப்போது ஒடித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. இடது பக்கம் கேட் தூணில் உரசி நின்றிருக்கிறது.

"நிழலுக்குக் கொண்டுபோகவா?" என்றேன்.

"ஆமா. பெயிண்ட் கெட்டுப்போகக் கூடாதுன்னு."

சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டும் வரவில்லை. கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு மீட்டரைத் துடைத்தார். பிறகு மெதுவாக, "மேடம், பானட்டும் கொஞ்சம் கூடக் காட்டுது" என்றார்.

நான் இவரைப் பார்த்தேன்.

"சத்தியமா பானட்டை நான் தொடல" என்றார். கண் கலங்கியிருந்தது. நம்பினேன்.

அப்படியானால் பானட் யார் வேலை? கம்பெனியிலேயே சில நேரம் கூட ஒரு கோட்டு விழும், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் கடைக்காரர். அந்த நேரம் பார்த்து மேனேஜர் திரும்பக் கூப்பிட்டார்.

"மேடம், விசாரிச்சிட்டேன். தப்பு எங்க பக்கந்தான். அந்தக் கதவு எங்க யார்டுலதான் பண்ணிருக்காக. மன்னிச்சிருங்க."

"இல்ல சார். கதவு எங்க வீட்டுக்காரரு பண்ணுனது. நான் தெரியாம உங்களைத் திட்டிட்டேன்."

"அப்படியா மேடம்?" என்றார்.

"அப்ப பானட்டு?" என்று கேட்டேன்.

"என்ன பானட்டு மேடம்?" என்றார். குரலே மாறிவிட்டது. "கூப்பிடுதேன்" என்றார். கூப்பிடவில்லை. யார் எதை மறைக்கிறார்கள், யார் பயத்தில் எதை ஒத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தலை சுற்றியது. கோட்டிங்கைப் போட்டுவிடச் சொன்னேன்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். அவர் உள்ளே போனார், நான் எதிர்வீட்டுக்குப் போனேன். அவள் அப்போதுதான் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"கதவு கதை தெரிஞ்சு போச்சு" என்றேன்.

"என் தம்பிதான் பட்டறையில வச்சு பெயிண்ட் அடிச்சுக் குடுத்தான்க்கா. சொல்லாதன்னு சார் சொல்லிட்டாக. எனக்கு வாய் நிக்காம அன்னைக்கே கேட்டுட்டேன்."

"என்கிட்ட சொன்னா நான் என்ன செய்யப்போறேன்? அடிக்கவா போறேன்?"

"அடிப்பீகன்னு இல்லக்கா. அந்தத் தூணுகிட்டயே உக்காந்துட்டாரு. ஏங்கி ஏங்கி அழுதாரு. அவ இத்தனை வருசம் கழிச்சு ஆசைப்பட்டு வாங்குனா, அவ வந்து பாக்குறப்ப ஒரு கோடு இருக்கக் கூடாதுன்னாரு. பெயிண்ட் காயுத வரைக்கும் பட்டறையை விட்டு நகரல. பகல் சாப்பாடும் சாப்பிடல."

பி.பி. பார்த்தபோதுகூட இந்த மனிதர் என்னிடம் எதுவும் சொல்லவில்லையே என்று வழியெல்லாம் கோபம். அழுதார் என்பதைக் கேட்டதும் அந்தக் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. என்னைப் பார்த்துப் பயந்தாரா, எனக்காக வருத்தப்பட்டாரா? இருபது வருஷத்துக்கு மேல் கூட இருந்தும் அதைப் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவரிடமே கேட்டேன். "ரெண்டுந்தான்" என்றார், தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே.

வண்டி திரும்பி வந்து மாதங்களாகிவிட்டன. நீலம் கண்ணாடிபோல் இருக்கிறது. தண்ணீர் பட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் எம். புதுப்பட்டி போகிற வழியில் ஒரு காலி மைதானத்துக்குப் போகிறோம். அவர் ஓட்டுகிறார், நான் பக்கத்தில் உட்காருகிறேன். முன்னால் போவது பரவாயில்லை. ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். பானட் விஷயம் இன்றுவரை தெரியவில்லை. முதல் சர்வீஸுக்குப் போனபோது அந்த மேனேஜர் என்னை ரொம்ப மரியாதையாக உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார். அது எதற்கென்றும் தெரியவில்லை. நான் குடித்தேன்.