பிரஷர் குளிசை

வாடியில் தனிச் சாமான் என்று ஒன்று கிடையாது. மீன்பிடிக் காலத்துக்காகக் கரையில் ஓலைக்கொட்டில் போட்டு எட்டுப் பேர் கிடக்கிறோம். சீனி, தைலம், பனடோல் எல்லாம் பொது. அங்கே எச்.ஐ.வி. குளிசையை ஒளித்து வைத்திருக்கிறவன் பாட்டைச் சொல்லவா வேண்டும்! போத்தல் கிலுங்காமல் பஞ்சு அடைத்து வைத்தேன். கேட்டவர்களிடம் பிரஷர் குளிசை என்றேன். அந்தப் பொய் எனக்கு மகா கெட்டித்தனமாகத் தெரிந்தது. மடையன்.

ஒரு காலை, படகுக்கும் வலைக்கும் சொந்தக்காரரான எங்கள் சம்மாட்டியார் தலையைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டார். அவருக்கு உண்மையிலேயே பிரஷர். கொண்டுவந்த மருந்து தீர்ந்திருந்தது.

“தம்பி, உன்ட பிரஷர் குளிசையில ஒண்டு தா.”

கொடுத்தால் அவருக்கு என்ன ஆகுமோ. மறுத்தால் என்ன நினைப்பாரோ.

“எனக்கும் முடிஞ்சு போச்சு, சம்மாட்டியார்.”

முடிந்தது என்றவன் எட்டுப் பேருக்கு நடுவில் எடுத்து விழுங்க முடியுமா? ஐந்து நாள் போத்தலைத் தொடவில்லை. உடம்பில் அடங்கிக் கிடந்தது எழும்பப் போகிறது என்று நாளுக்கு நாள் பயந்து செத்தேன். ஆறாம் நாள் சம்மாட்டியார், “ரெண்டு பேரும் ஒண்டாப் போய் மருந்தெடுப்பம், வா” என்று என்னையும் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பிரஷர் கிளினிக் வரிசையில் இருத்தி, “என்ட வரிசை மற்றப் பக்கம்” என்று புளுகிவிட்டு, எச்.ஐ.வி. கிளினிக் இருக்கிற பின்கட்டடத்துக்கு நழுவினேன். ஐந்து நாள் விட்டதைச் சொன்னேன். அங்கிருந்த நர்ஸ் மிஸ் ஏசவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இரத்தம் எடுத்து, புதுப் போத்தல் தந்துவிட்டுக் கேட்டார்:

“குளிசைக்குப் பதிலா ரெண்டு மாசத்துக்கு ஒருக்காப் போடுற ஊசி இருக்கு. அது இங்க வந்தா போடுவீங்களா? எல்லாரிட்டயும் கேக்கிறம்.”

“ஓம்” என்று வாய் முந்திக்கொண்டது. போத்தலும் வேண்டாம், பஞ்சும் வேண்டாம்!

“ஆனா நாள் தப்ப ஏலாது. வராம விட்டா, பிறகு மருந்துக்கு நோய் அடங்காமப் போகலாம். வாடியில இருந்து ஒழுங்கா வருவீங்களா?”

ஒவ்வொரு முறையும் அந்த நல்ல மனிதர் சம்மாட்டியார் ‘நானும் வாறன்’ என்று கிளம்புவார். ஒருநாள் பின்கட்டடம் வரைக்கும் வந்துவிடுவார்.

“ஊசிக்குப் பயமில்ல, மிஸ். கூட வாற ஆள நினைச்சாத்தான் பயம்.”



புதுப் போத்தலை இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்கையோடு வெளியே வந்தேன். வேம்பின் கீழ் சம்மாட்டியார் தண்ணீரோடு நின்றார்.

“உனக்கு ஒண்டும் தரல்லையா?” என்று தன் மருந்துப் பையைப் பிரித்துப் பாதியை என் சட்டைப் பையில் திணித்தார். “எத்தினை நாளா மருந்தில்லாமக் கிடக்கிறாய்! என்ட கண்ணுக்கு முன்னால ஒண்டு போடு.”

நான் விழுங்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.