பின்சுவரில் இழுத்த கோடுகள்

டத்தோ கிராமாட் வட்டாரத்தில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஆறு ஓடுகிறது. மழை வலுத்தால் சமையலறைக்குள் வந்துவிடும். தண்ணீர் வடிந்ததும், அது எட்டிய உயரத்தில் வீட்டின் பின்சுவரில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துத் தேதி போடுவேன். சாக்குக்கட்டியால் போட்டால் அடுத்த வெள்ளத்தில் அழிந்துவிடும். அதையே ஒரு பள்ளிக்கூட நோட்டிலும் எழுதி வைப்பேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. நாலு பேர் முன்னால் பேச வராத எனக்கு எழுதுவது சுலபம்.

ஆற்றின் மேற்பக்கத்து மலைக்காட்டில் ஒரு பகுதியை ஒரு கம்பெனி வீடு கட்ட வெட்டியது. அதற்கு முன் கணுக்காலைத் தாண்டாத கோடுகள் பிறகு முழங்காலுக்கு ஏறின. ஒருமுறை அடுப்பு மேடை வரை. மழையும் முன்போல இல்லை, மொத்தமாக ஒரே மத்தியானத்தில் கொட்டுகிறது. மீதிக் காட்டையும் வெட்ட அதே கம்பெனி மனுப் போட்டபோது எங்கள் வரிசையே ஆட்சேபம் எழுதியது.

குடியிருப்பாளர் சங்கத் தலைவரை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். தைப்பூசத்துக்கு எங்கள் தெருத் தண்ணீர்ப் பந்தல் அவர் பொறுப்பு. வருஷா வருஷம் அவர் பக்கத்தில் நின்று எலுமிச்சை பிழிந்திருக்கிறேன். அவர் கேட்டால் எதற்கு என்று கேட்காமல் கொடுத்துவிடுவோம்.

"நோட்டக் குடும்மா. நீதான் நம்ம எஞ்சினியர் லா," என்று எங்கள் ஊர் 'லா' போட்டுச் சிரித்தார். கொடுத்தேன். நகல் எடுத்தால் அவரை நம்பாதது போல ஆகுமே என்று அதையும் எடுக்கவில்லை.

அதிகாரிகள் எங்கள் ஆட்சேபத்தை விசாரித்த நாளில் அவர் எங்களோடு உட்காரவில்லை. கம்பெனி ஆட்கள் பக்கம் இருந்தார். அதிகாரிகளின் மேசையில் என் நோட்டின் முதல் சில பக்கங்கள் மட்டும் நகலாக இருந்தன.

"காட்ட வெட்டுறதுக்கு முன்னாடியே இங்க தண்ணி ஏறும். எங்க தங்கச்சியே எழுதி வச்சிருக்காங்க," என்று என்னைக் காட்டினார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மீதிப் பக்கம் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டேன். முடிவை அடுத்த மாதம் சொல்வதாக அனுப்பிவிட்டார்கள்.

வாசலில் பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு நாளா அவரோட கூட்டு?"

"இல்லக்கா..."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. அக்கா வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார்.

நோட்டு திரும்பி வரவில்லை, முடிவும் இன்னும் வரவில்லை. தைப்பூசம் நெருங்கும்போது அண்ணே இரண்டு பெயிண்டர்களைக் கூட்டி வந்தார். வரிசை முழுக்கக் கம்பெனி செலவில் வெள்ளையடிப்பு. மற்ற வீடுகளில் முன்பக்கம் தொடங்கினார்கள். என் வீட்டில் நேராகப் பின்பக்கம் போனார்கள்.

"இந்தச் சுவருதாம்மா ரொம்ப அசிங்கமா இருக்கு," என்றார் அண்ணே.

ஸ்டூலை இழுத்துச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தேன்.

"வேணாம் அண்ணே."

"சும்மா அடிச்சுக் குடுக்கறாங்க லா. எந்திரிம்மா."

"என் நோட்டு வரட்டும். அப்புறம் அடிங்க."

அவர் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பந்தலுக்கு வருவ இல்ல?"

ஸ்டூலை இன்னும் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன். பெயிண்ட் வாளிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அக்கா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். உள்ளே வந்து, படம் எடுக்கக் கைபேசியைச் சுவருக்கு நேராகப் பிடித்தார்.

"நகரு. அதிகாரிகிட்டக் காட்ட கோடுதான் வேணும், உன் தலை இல்ல."