அண்ணியின் தொப்பை மூங்கில்

அந்த மூங்கில் எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் வந்தது. இருபது லிட்டர் பெயின்ட் டப்பா ஒன்றில் அது நின்றிருந்தது. டப்பாவின் வெளிப்பக்கம் நீல பெயின்ட் வழிந்து காய்ந்திருந்தது. அடியில் ஆணி வைத்து அடித்த ஓட்டைகளிலிருந்து சேறு கசிந்து ஆட்டோவின் தரையெல்லாம் ஒழுகியிருந்தது. மறுவீடு போய்த் திரும்பிய அண்ணன், பட்டு வேட்டியோடு அந்த டப்பாவை முழங்கால்களுக்கு நடுவே அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செடியின் தலை வெளியே நீட்டிக்கொண்டு, ஜி.எஸ்.டி. ரோட்டின் புழுதியை மொத்தமாக வாங்கிக்கொண்டு வந்திருந்தது. பக்கத்தில் அண்ணி, கையில் ஒரு பூச்சரத்தோடு, மிக நிம்மதியாக. வந்த மூன்றாம் நாளே புருஷனை வேலை வாங்கிவிட்ட பெண் என்று அன்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எண்பத்தாறோ எண்பத்தேழோ, வருஷம் சரியாக நினைவில்லை. மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் அப்போது வாடகைக்கு இருந்தோம்.

"என்னம்மா இது, மூங்கிலா?" என்றாள் அம்மா, வாசலில் ஆரத்தித் தட்டை வைத்துக்கொண்டு.

"ஆமா அத்தை. வீட்டுக்குள்ள வைக்கிறது."

"வெளியில வச்சிடேன்."

"வெளியில வச்சா மாடு தின்னுடும் அத்தை."

அவ்வளவுதான் பேச்சு. அண்ணி உள்ளே போய்க் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வடக்குப் பக்க ஜன்னலைத் திறந்தார். அதன் கீழே நான் தினமும் செய்தித்தாள் படிக்கும் நாற்காலி கிடந்தது. அதை நகர்த்திவிட்டு அங்கே டப்பாவை வைக்கச் சொன்னார். என் இடம் போனதில் எனக்கு முதல் நாளே கோபம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சம்பாதிக்கிற ஆள் என்ற நினைப்பு வேறு.

அண்ணி வண்டலூர்க்காரர். அவருடைய அப்பா காட்டிலாகாவின் நாற்றங்காலில் வேலை பார்த்தவர். வீடு முழுக்க மண் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளுக்கு நடுவே வளர்ந்ததாக அண்ணி சொல்வார். அவர் கொண்டுவந்தது நாம் பார்க்கும் நெட்டை மூங்கில் இல்லை. கணுவுக்குக் கணு வயிறு உப்பிக்கொண்டு, சின்னச் சின்னக் குடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல இருக்கும். தரையில் நட்டால் மற்ற மூங்கிலைப் போலவே ஓங்கிவிடுமாம். தொட்டியில் அடக்கி, தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால்தான் இப்படித் தொப்பை போடுமாம். வாரத்துக்கு ஒருமுறை டப்பாவைக் கால்வட்டம் திருப்பி வைப்பார். இல்லாவிட்டால் ஜன்னல் பக்கமே சாய்ந்துவிடும். ஃபேன் காற்று நேராகப் படக்கூடாது என்று எங்கள் படுக்கைகளை இடம் மாற்றினார். பழைய வேட்டித் துணியை நனைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு இலையாகத் துடைப்பார். மேலே ஒரு தரம், அடியில் ஒரு தரம். "இலை சுருண்டா தாகம். நுனி காஞ்சா உப்பு. அடியில புள்ளி வந்தா செடிப்பேன். வேற ஒண்ணும் கிடையாது" என்பார். ஒரு வருஷத்துக்குள் எங்கள் இருட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் மட்டும் பச்சையாக ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. அது அழகாக இருந்தது என்பதை அன்று நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

சைதாப்பேட்டையிலிருந்து வந்த பெரியம்மாதான் முதலில் வாய்விட்டுச் சொன்னவர். காபியைக் கையில் வாங்கியவர் குடிக்காமலே கேட்டார். "இன்னாடி இது? பாடை கட்றதுக்கு வெட்ற சாமானை நடு வூட்டுல வச்சிகினு கீறீங்க? ஒருத்தருக்கும் புத்தி கெடையாதா?" அம்மாவின் முகம் வாடிப்போனது. மனதில் இருந்ததை இன்னொருவர் சொல்லிவிட்டால் அது பெரிதாகிவிடுகிறது. அன்றிலிருந்து அம்மா அந்தப் பக்கம் பெருக்கும்போது தலையைத் திருப்பிக்கொண்டே பெருக்குவாள். அப்பா மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். பேச்சு குறைவு. அவர் பேசாமல் இருப்பதை எல்லோரும் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வோம்.

அடுத்த ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பிய அப்பா சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கூடத்திலேயே விழுந்துவிட்டார். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வாய் கோணிவிட்டது. வீட்டில் யாரும் இல்லை. நானும் அண்ணனும் வேலைக்குப் போய்விட்டிருந்தோம். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். ரேஷன் கடையிலிருந்து அண்ணி திரும்பி வரும்வரை, அரை மணி நேரத்துக்கு மேல் அவர் அங்கேயே கிடந்திருக்கிறார். விழுந்து கிடந்த இடம் அந்த மூங்கிலின் காலடி. வேறென்ன வேண்டும்? பெரியம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆரம்பித்துவிட்டார். அம்மா அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து அண்ணியின் கையைப் பிடித்தாள். "உன் கால்ல விழறேம்மா, அதை எடுத்துடு."

அண்ணி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "மாமா வீட்டுக்கு வருவாரு அத்தை. வந்து வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்த நிமிஷமே எடுத்துடறேன்."

அப்பா பிழைத்து வருவார் என்பதை டாக்டரே அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கவில்லை. எனக்கு அது திமிராகப் பட்டது. மறுநாள் மத்தியானம் அண்ணி ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனதும், சமையலறையில் கல்லுப்பு ஜாடியிலிருந்து இரண்டு கை உப்பை அள்ளிச் சொம்புத் தண்ணீரில் கரைத்து டப்பாவில் ஊற்றினேன். அப்படி நான்கு நாட்கள். ஊற்றும்போது என்னையறியாமல் சாமி கும்பிட்டுக்கொண்டே ஊற்றினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்காகச் செய்கிறேன் என்று முழுசாக நம்பினேன்.

ஐந்தாம் நாள் இலை நுனிகள் தீய்ந்தது போலப் பழுப்பாகிவிட்டன. வெள்ளையாகப் பூத்திருந்த மண்ணில் ஒரு துளி எடுத்து அண்ணி நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு, வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தார்.

"எத்தனை நாளா ஊத்துற தம்பி?"

மறுத்திருக்கலாம். வாய் வரவில்லை. "நாலு நாளா."

"கல்லுப்பா, தூளுப்பா?"

"கல்லுப்பு."

"ஏன்?"

"அப்பா செத்துடுவாரோன்னு பயமா இருக்கு அண்ணி."

அண்ணி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த அலைச்சலில் அவர் கண்ணுக்குக் கீழே கருத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். "எனக்கும் பயம்தான். தூக்கினப்ப அவர் உடம்பு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். அதுக்காக நான் என்ன உன் சைக்கிள் டயரையா கிழிச்சேன்?" என்றார். அவர் எழுந்துவிட்டார். "சரி, தண்ணி கொண்டா. நம்ம கிணத்துத் தண்ணி வேணாம், அதுவே உப்பு. தெருக்கோடி பம்புல அடிச்சிட்டு வா. உப்பு எறங்குற வரைக்கும் ஊத்தணும்."

டப்பாவைக் கொல்லையில் துவைக்கிற கல் பக்கம் நகர்த்திவிட்டு, அன்று பத்தொன்பது குடம் அடித்துக்கொண்டு வந்தேன். நல்ல தண்ணீருக்கு ஏங்கிய காலம். அடிபம்பு வரிசையில் நின்ற பெண்கள், "இன்னா தம்பி, வூட்ல எதுனா விசேஷமா?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு குடமாக மெதுவாக ஊற்றி, ஓட்டைகள் வழியே வடியவிட்டு, வடிந்ததை விரலால் தொட்டு ருசி பார்த்தோம். கடைசியில் கரிப்பு நின்றது. அண்ணி அரிவாளை எடுத்து எல்லாத் தண்டுகளையும் ஒரு சாணுக்கு மேலே வெட்டிவிட்டார். பார்க்க மொட்டையாக, பரிதாபமாக இருந்தது. நடந்ததை அண்ணனிடமோ அம்மாவிடமோ அவர் சொல்லவில்லை. செடி வாடிவிட்டது, வெட்டிவிட்டேன் என்று மட்டும் சொன்னார். அம்மா அன்று கற்பூரம் ஏற்றினாள்.

அப்பா மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். கைத்தாங்கலாகப் பிடித்துக் கூடத்தில் உட்காரவைத்தோம். ஜன்னலோரம் என் பழைய நாற்காலி திரும்ப வந்திருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழறிக் குழறி, "செடி எங்க?" என்றார்.

"அது எதுக்குங்க இப்ப?" என்றாள் அம்மா.

"எடுத்துகினு வந்து வை." இதைச் சொல்ல அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. இன்னும் ஏதோ சொல்ல முயன்றார். நாங்கள் குனிந்து கேட்டோம். விழுந்து கிடந்தபோது குரல் வரவில்லை, கண் மட்டும் திறந்திருந்தது, எதிரே அந்த மூங்கில்தான் நின்றது. மயங்கிவிடக் கூடாது என்று அதன் கணுக்களை எண்ணிக்கொண்டே இருந்தாராம். ஒரே தண்டில் பதினாலு. முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. அண்ணி கதவைத் திறந்தபோது ஒன்பதாவது கணுவில் இருந்தாராம்.

நான் கொல்லைக்கு ஓடினேன். அந்த டப்பாவை நான் ஒருவனாகவே தூக்கிக்கொண்டு வந்தேன். மண் ஈரமாக, கனமாக இருந்தது. அப்பா இடது கையை நீட்டி மொட்டைத் தண்டுகளைத் தொட்டுப் பார்த்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எட்டி நின்றபடியே, "ஜன்னலைத் தொறந்து வை" என்றாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் முளை வந்தது. முதலில் பார்த்தவர் அப்பாதான். ஊன்றுகோலால் தரையைத் தட்டித் தட்டி எல்லோரையும் கூப்பிட்டார். கட்டைவிரல் பருமனில், செம்பழுப்பு உறையோடு, மண்ணைப் பிளந்துகொண்டு நின்றது. நான் அண்ணியைப் பார்க்காமல் முளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனார்.

அதன் பிறகு அண்ணி நிற்கவே இல்லை. அந்த மூங்கிலைப் பிரித்துப் பிரித்து வைத்தார். பாக்குப் பனை, பாம்புச் செடி, மணி பிளான்ட் என்று சேர்த்தார். பக்கத்துத் தெரு டாக்டர் தன் கிளினிக்குக்கு ஒரு தொட்டி கேட்டார். அதைப் பார்த்துவிட்டு ஒரு வங்கிக் கிளையில் கேட்டார்கள். தொண்ணூறுகளில், தாம்பரம் முதல் கிண்டி வரை பல ஆபீஸ்களில் வரவேற்பறைச் செடி எங்கள் அண்ணியுடையது. வாரம் ஒருமுறை டெம்போவில் போய், வெளிச்சம் பார்க்காமல் களைத்த செடியை எடுத்துக்கொண்டு தெளிந்த செடியை வைத்துவிட்டு வருவார். டெம்போவில் தொட்டிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருப்பார். இன்று எந்தக் கடைக்குப் போனாலும் கண்ணாடிக் குப்பியில் நான்கு பச்சைக் குச்சிகளைப் போட்டு மூங்கில் என்று விற்கிறார்கள், அதிர்ஷ்டம் வரும் என்று எல்லோரும் வாங்குகிறார்கள். அது மூங்கிலே இல்லை என்று அண்ணி சொன்னால் யாரும் கேட்பதில்லை. அவரும் வற்புறுத்துவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஊரப்பாக்கத்தில் நான் சின்னதாக ஒரு வீடு கட்டினேன். கிரகப்பிரவேசத்தன்று காலை அண்ணி ஒரு சிமென்ட் தொட்டியோடு வந்து இறங்கினார். அதில் தொப்பை மூங்கில், ஆளுயரம். என் மாமியார் நல்லவர், ஆனால் வாசலிலேயே மறித்துவிட்டார். "நல்ல நாள் அதுவுமா மூங்கிலா? இதை யாராச்சும் உள்ள விடுவாங்களா?" அண்ணி என்னைத்தான் பார்த்தார். நான் குனிந்து தொட்டியைத் தூக்கினேன். "கொஞ்சம் வழி விடுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, நேராகக் கூடத்துக்குக் கொண்டுபோய் ஜன்னலோரம் வைத்தேன்.

பின்னாலேயே ஊன்றுகோல் சத்தம் கேட்டது. அப்பா காலை இழுத்து இழுத்து உள்ளே வந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சம்பந்தியம்மா," என்று கூப்பிட்டார். பேச்சு அதற்குள் நன்றாகவே தெளிந்திருந்தது. "எத்தனையோ வருஷமா இதும் பக்கத்துல உக்காந்துதான் தினம் காபி குடிக்கிறேன். நல்லாத்தானே இருக்கேன்? எங்க, ஒரு காபி கொண்டாங்க."

யாரோ சிரித்தார்கள். மாமியார் உள்ளே போய்த் தன் கையாலேயே காபி கலந்து எடுத்துவந்தார். அப்பா இடது கையால் டம்ளரை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் கிடந்த இன்னொரு நாற்காலியைக் காட்டி, "நீங்களும் உக்காருங்க" என்றார்.

அவர் உட்கார்ந்தார்.