மேசையில் ஓடும், கொட்டிலில் நிற்கும்

கண்டாவளை அக்கா அந்த மெஷினை முதன்முதலில் கொண்டுவந்த நாளில் அதை ஒரு பழைய சீலையில் சுற்றி, ஓட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தார். வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் வேலைத்தலம். கைத்தொலைபேசி, தண்ணீர்ப் பம்பின் ஸ்டார்ட்டர், சோலர் இன்வேட்டர் என்று வருவதையெல்லாம் திறந்து பார்ப்பேன். தொழிற்பயிற்சி வகுப்பில் தொலைபேசி திருத்த மட்டும்தான் படித்தேன். மற்றதையெல்லாம் திறந்து திறந்துதான் பழகினேன். ஆனால் சீலையை விலக்கியபோது உள்ளே இருந்தது நான் அதுவரை படத்தில் மட்டுமே கண்ட ஒன்று.

சப்பாத்துப் பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான அலுமினியப் பெட்டி. முன்னுக்கு ஒரு விசிறி, பின்னுக்கு ஒன்று. உள்ளே மூன்று சர்க்கிட் போர்ட்டுகள், ஒவ்வொன்றிலும் விரல் நகமளவு சிப்கள் அறுபத்துமூன்று. பிட்கொயின் என்ற இணையக் காசை எடுக்கிற மெஷின். நாள் முழுக்கக் கணக்குப் போடுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. கனடாவில் இருக்கும் அக்காவின் தம்பி, அங்கே பழசாகிப்போனவற்றில் இரண்டை வாங்கி, வீட்டுச் சாமான்களோடு கப்பலில் போட்டுவிட்டிருந்தார். அக்காவின் வீட்டுக் கூரையில் சோலரும், வெயில் இல்லாத நேரத்துக்குப் பெரிய பற்றரிகளும் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். வெயில் சும்மா அடிக்கிறது, மெஷினும் ஓடட்டும் என்பது அவருடைய எண்ணம். ஒன்று வந்த நாளிலிருந்தே உயிரில்லாமல் கிடந்தது. மற்றது எட்டு மாதம் ஓடிவிட்டு இப்போது படுத்துவிட்டது.

நான் மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து உமித்தூசியும் மெல்லிய மஞ்சள் பஞ்சும் கொட்டின. பஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கோழிக்குஞ்சின் மயிர். அக்கா குஞ்சு வளர்ப்பவர் என்பது தெரியும் என்பதால் அதைப்பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை அன்றே முடிந்திருக்கும்.

தூசியை ஊதி, தூரிகையால் துடைத்து, மெஷினை லப்ரொப்போடு கொழுவித் திரையில் பார்த்தேன். மூன்றாவது போர்ட்டில் நாற்பத்தொரு சிப் மட்டும் இருப்பதாகக் காட்டியது. அந்தச் சிப்கள் வரிசையாகத் தகவலைக் கைமாற்றுகிறவை. நடுவில் ஒன்று வாங்காவிட்டால் அதற்குப் பின்னால் இருப்பவை எல்லாம் ஊமையாகிவிடும். அப்படியென்றால் நாற்பத்திரண்டாவதுதான் பிரச்சினை. மீற்றரின் முனையை ஒவ்வொரு சிப்பின் பக்கத்திலும் வைத்து அளந்துகொண்டே போனேன். நாற்பத்தொன்று வரை ஒரே அளவு வந்தது. அடுத்ததில் முள் அசையவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது சிப்பின் காலடியில் ஈயம் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது.

செத்துக் கிடந்த மற்ற மெஷினையும் கொண்டுவரச் சொல்லி, அதிலிருந்து ஒரு நல்ல சிப்பைச் சூட்டுக் காற்றால் கழற்றியெடுத்து இதில் வைத்தேன். முதல் தடவை கை கொஞ்சம் தவறி, சிப் சரிந்து உட்கார்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் கழற்றி நேராக்கினேன். பிறகு திரையில் அறுபத்துமூன்றும் வந்தன. அன்று நான் குசினிக்குப் போய் என் கணவரிடம் அதைச் சொன்னேன். அவர் அரிசி கழுவிக்கொண்டிருந்தார். என்ன திருத்தினேன் என்பது அவருக்கு விளங்கவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்து, பெரிய சாமான்போல என்றார்.

இரண்டு நாள் என் மேசையில் ஓடவிட்டுப் பார்த்தேன். அது ஓடும் சத்தத்தில் வீட்டில் யாரும் கதைக்க முடியாது. ஒரு குறையும் இல்லை. அக்கா வந்து கொண்டுபோனார்.

ஒரு கிழமையில் தொலைபேசியில் கோல் வந்தது. பின்னேரத்தில் நின்றுவிடுகிறது, விசிறி மட்டும் அலறுகிறது என்றார் அக்கா. திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்து மேசையில் வைத்து ஓடவிட்டால் மூன்று நாளும் நிற்கவே இல்லை. போர்ட்டுகளை அளந்தேன், கம்பிகளை ஆட்டினேன், பவர் சப்ளையைத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரி. என்ன செய்வதென்று தெரியாமல், பின் விசிறியைக் கழற்றி வேறு விசிறி போட்டேன். பழைய விசிறியில் ஒரு பிழையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏதோ செய்து கொடுத்தேன் என்று இருக்கட்டும் என்பதற்காகத்தான் மாற்றினேன்.

நாலாம் நாள் திரும்பவும் கோல். இந்தத் தடவை அக்காவின் குரலில் தயக்கம் இருந்தது. வேலை தெரியாதவர்களிடம் கொடுக்கிறீர்கள், கொழும்புக்கு அனுப்புங்கோ என்று தம்பி சொல்லிவிட்டாராம். அக்காவுக்கு அனுப்ப மனமில்லை. எனக்கு அந்தச் சொல் சுட்டது.

"அக்கா, மெஷினைக் கொண்டுவராதேங்கோ. நான் நாளைக்கு அங்க வாறன்," என்றேன்.

மறுநாள் காலை வயல்களுக்குள்ளால் ஸ்கூட்டியில் போனேன். மாரி தொடங்கியிருந்தது. பாதையின் இரண்டு பக்கமும் நெல் முழங்கால் உயரத்தில் நின்றது. அக்காவின் வீட்டுக்குப் பின்னால் நீளமான ஒரு கொட்டில், நடுவில் அரைச்சுவர். இந்தப் பக்கம் மேசையில் மெஷின். அந்தப் பக்கம் உமி பரப்பிய தரையில் நூற்றுச் சொச்சம் குஞ்சுகள். சுவருக்கு மேலே கம்பி வலை. மெஷினின் பின்பக்கம் வலையைப் பார்த்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இடமில்லாமல் அங்கே வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

லப்ரொப்பைக் கொழுவி, ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். போர்ட்டின் சூடு அறுபத்திரண்டு பாகையில் நின்றது. பத்து மணிக்கும் அதுதான், பன்னிரண்டுக்கும் அதுதான். அக்கா சோறும் முட்டைக் குழம்பும் தந்தார். சாப்பிட்டுக்கொண்டே குஞ்சுகளைப் பார்த்தேன். கொட்டிலில் அவ்வளவு இடம் இருக்க, எல்லாம் வலைக்குக் கீழே ஒரே பக்கத்தில் சேர்ந்து, கழுத்தை நீட்டிப் படுத்துக் கிடந்தன. மெஷினின் சத்தம் அவற்றுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

மூன்றரைக்கு வானம் கறுத்தது. குளிர்காற்று வீசத் தொடங்கியது. அக்கா வெளியே போய்ப் பார்த்தார், உள்ளே வந்தார், திரும்பவும் போனார். பிளேன் ரீ போட்டுத் தந்தார். பிறகு, மழை வருது, நீங்கள் வெளிக்கிடேல்லையோ தங்கச்சி என்று கேட்டார். மெஷின் நிற்பதைப் பார்க்காமல் போகமாட்டேன் என்றேன். அவர் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மழை விழுந்ததும் குஞ்சுகள் கீச்சிடத் தொடங்கின. ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின. அக்காவால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. போய்க் கொட்டிலின் நாலு பக்கமும் சுருட்டிக் கட்டியிருந்த நீலப் படங்குகளை அவிழ்த்து, தரைவரை இறக்கிக் கல் வைத்தார். உள்ளே இருட்டியது, காற்று நின்றது. கொஞ்ச நேரத்தில் கொட்டில் கதகதப்பானது. குஞ்சுகள் பிரிந்து படுத்தன.

நான் திரையைப் பார்த்தேன். எழுபத்தொன்று. எழுபத்தெட்டு. எண்பத்தைந்து. மெஷின் பின்பக்கத்தால் ஊதிய சூடு வெளியே போக வழியில்லாமல் சுற்றி வந்து முன் விசிறிக்குள் போனது. தான் விட்ட மூச்சையே அது திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. தொண்ணூறு தாண்டியதும் கணக்கு நின்றது. விசிறிகள் இரண்டும் முழு வேகத்தில் அலறின.

அக்கா என்னைப் பார்த்தார்.

"ஓம் தங்கச்சி, நான்தான். எனக்கு முதலே கொஞ்சம் சந்தேகம். வெட்கத்தில சொல்லேல்லை."

போன மாரியில் சோலர் இல்லை, பல்புகளைத்தான் எரித்தாராம். கரண்ட் நின்ற ஒரு நாளில் குஞ்சுகள் குளிருக்கு ஒன்றின்மேல் ஒன்று குவிந்து, அடியில் அகப்பட்டவை நசுங்கிப்போயின. கடகத்தில் அள்ளிக்கொண்டுபோய்க் குழி வெட்டித் தாட்டதைச் சொன்னபோது அவருடைய குரல் தணிந்தது. இந்த மெஷின் வந்த பிறகு, அதன் பின்னால் வரும் சூட்டுக்காற்றில் துணி காயப்போடப் போனவருக்கு இந்த யோசனை வந்திருக்கிறது. ஒரு பல்பு ஒரு மூலைக்குத்தான். இதன் காற்று கொட்டில் முழுக்கப் பரவும்.

"தம்பிக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவன் காசுழைக்கிற மெஷின் எண்டு அனுப்பினவன். நான் அதைக் கோழிக்கூட்டுக்கு அடுப்பாக்கிப் போட்டன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. நானும் அடக்கிக்கொண்டேன். ஈயம் ஏன் வெடித்தது என்பதும் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. என்னிடம் வருவதற்கு முந்திய கிழமைகளில் குளிர்ந்த பின்னேரம் ஒவ்வொன்றிலும் மெஷின் கொதித்து, நின்று, ஆறி, திரும்பக் கொதித்திருக்கிறது. எந்த ஈயமும் அதைத் தாங்காது.

நான் சொல்லமாட்டேன், ஆனால் நீங்கள் சொல்லுங்கோ, இல்லாவிட்டால் கொழும்புக்கு அனுப்பினாலும் இதே கதைதான் என்றேன். அவர் கைத்தொலைபேசியை எடுத்துத் தம்பிக்கு வீடியோ கோல் அடித்தார். அங்கே அப்போது விடியற்காலை. வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்போல. அக்கா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். படங்கு, பல்பு, போன மாரி, எல்லாம். சொல்லி முடித்துவிட்டு அக்கா திரையைப் பார்த்தார்.

"இப்ப எத்தினை குஞ்சு நிக்குது?" என்று கேட்டார் தம்பி.

"நூற்றியிருபது."

"ஒண்டும் சாகேல்லையோ?"

"ஒண்டும் சாகேல்லை."

"பின்ன முதலே சொல்லியிருக்கலாமே. கமராவைத் திருப்புங்கோ, ஒருக்காப் பாப்பம்."

அக்கா அரைச்சுவரைச் சுற்றிப் போய், கைத்தொலைபேசியைக் குஞ்சுகளுக்குப் பக்கத்தில் தாழ்த்திப் பிடித்தார். ஒரு குஞ்சு வந்து அதைக் கொத்தப் பார்த்தது. தம்பி சிரித்தது எனக்குக் கேட்டது. பிறகு என்னிடம் தரச் சொல்லி, கொழும்புக் கதையை மனதில் வைக்கவேண்டாம் என்றார். இரண்டுக்கும் ஒத்துவாற மாதிரி ஏதாவது செய்யேலுமோ என்றும் கேட்டார்.

வந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு மெஷின் விளங்காது. தகரம் வெட்டத் தெரியும். கொட்டிலைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டு, "மூக்கை வெளியால விடுவம், வால் உள்ளுக்கு இருக்கட்டும்," என்றார். படங்கில் ஒரு சதுர ஓட்டை வெட்டி, அதிலிருந்து முன் விசிறிவரை தகரத்தில் ஒரு குழாய் மடித்தார். பூச்சி வராமல் குழாயின் வாயில் நுளம்பு வலை. சூட்டுக்காற்று குஞ்சுகளின் பக்கம் போய், தூரத்து மூலையில் கூரைக்குக் கீழே விட்ட இடைவெளியால் மெல்ல வெளியேற வேண்டும்.

முதல் குழாய் ஒடுக்கமாகிவிட்டது. விசிறி திணறி, சூடு எண்பதைத் தொட்டது. கணவர் முணுமுணுத்துக்கொண்டு அதைக் கழற்றி, இரண்டு மடங்கு அகலத்தில் இன்னொன்று மடித்தார். கையிலும் ஒரு கீறல் வாங்கிக்கொண்டார். படங்குகளை இறக்கிவிட்டு நாங்கள் மூவரும் திரைக்கு முன்னால் நின்றோம். அறுபத்திரண்டு, அறுபத்துநாலு, அறுபத்தைந்து. அங்கேயே நின்றது.

சாமான்களைக் கட்டும்போது நான் அக்காவிடம் விசிறிக் கதையைச் சொன்னேன். பிழையில்லாத விசிறியைத்தான் மாற்றினேன், பழையது இதோ, திரும்பப் போட்டுவிடுகிறேன் என்றேன். அக்கா என்னை உற்றுப் பார்த்தார்.

"அப்ப நாங்கள் ரெண்டு பேரும் ஒளிச்சிருக்கிறம்," என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குள் இருந்த பாரத்தை இறக்கிவிட்டது.

அந்த மாரி முழுவதும் மெஷின் நிற்கவில்லை. அதில் காசு என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை; தம்பியும் அதைப்பற்றி அதிகம் கதைப்பதில்லை, குஞ்சுகளின் வீடியோதான் கேட்கிறார் என்று அக்கா சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஸ்கூட்டியில் திரும்பி வரும்போது தூறிக்கொண்டிருந்தது. கணவர் பின்னாலிருந்து எனக்கும் சேர்த்துக் குடை பிடிக்கப் பார்த்தார். காற்று அதை மடக்கி மடக்கி அடித்தது. கடைசியில் அவர் அதைச் சுருக்கி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் நனைந்துகொண்டு, வயல்களுக்குள்ளால் மெதுவாக வீடு வந்தோம்.