இருபது நிமிடச் செஷன்

"அண்ணை, உங்கடை வெப்சைட்டாலை என்ரை மண்டபம் ராசியில்லாததாப் போச்சு."

கலியாண மண்டப முதலாளி செல்வராசா ஒரு வியாழக்கிழமை காலை போனில் இப்படித்தான் தொடங்கினார். மண்டபத்தைப் பதிய நான் எழுதிக் கொடுத்த வெப்சைட்டில் மூன்று குடும்பங்கள் கடைசிப் பட்டனை அமர்த்தியதும் நிரப்பியதெல்லாம் அழிந்து, மறுபடி உள்நுழையச் சொன்னதாம். நல்ல காரியத்தில் முதலே தடங்கல் என்று மூன்று குடும்பங்களும் வேறு மண்டபம் போய்விட்டன.

"இன்னும் ஒரு குடும்பம் போச்செண்டா நான் பழையபடி கொப்பியிலை எழுதுவன். உங்களுக்கும் எனக்கும் அதோடை சரி."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ரேடியோ திருத்தி, கொம்பியூட்டர் திருத்தி, புரோகிராம் எழுதவும் நானாகவே பழகினேன். பட்டதாரிகள் கைவிட்ட வேலைகளை ஓடவைத்திருக்கிறேன். என் புரோகிராமில் பிழை இராது, சனத்தின் இன்ரநெற் சரியில்லை என்றேன். ஆனாலும் அடுத்த நாள் அரியாலையில் தவமணி என்பவர் மகளின் கலியாணத்துக்குப் பதியப்போகிறார் என்று அறிந்து, நேரே பார்க்கப் போனேன்.

பெயர்கள், திகதி, எத்தனை பேர், என்ன சாப்பாடு, மணவறைப் பூ என்று பத்தே முக்காலுக்குள் எல்லாம் நிரப்பினார். பிறகு போனை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார்.

"தங்கச்சி, கடைசிப் பட்டனை அமத்தேல்லையே?"

"இப்ப இராகுகாலமண்ணை. பன்னிரண்டுக்குப் பிறகுதான் அமத்துவன். தேத்தண்ணியைக் குடியுங்கோ."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இருபது நிமிடம் ஆள் ஒன்றும் செய்யாவிட்டால் செஷனை, அதாவது அவர் உள்நுழைந்ததற்கான பதிவை, அழிக்கும்படி எழுதியவன் நான். நிரப்பிய விபரமெல்லாம் சேர்வர் மெமரியில் அந்தச் செஷனோடுதான் கிடந்தது. இராகுகாலமோ ஒன்றரை மணித்தியாலம். அந்த மூன்று குடும்பங்களும் இப்படித்தான் நல்ல நேரம் பார்த்து இருந்திருக்கும்.

"பன்னிரண்டு மணி வரைக்கும் இது நிக்காது தங்கச்சி. இப்பவே அமத்துங்கோவன்."

"உங்கடை மகளெண்டா இப்ப அமத்துவியளோ?"

நான் மேசையில் கிடந்த போனில் நேரத்தைப் பார்த்தேன்.

"பிழையே வராதெண்டு முதலாளியிட்டைச் சொன்னியளாம். சரி, இது அழிஞ்சா அழியட்டும், ஞாயிறு விடிய நல்ல நேரம் இருக்கு. நாளைக்குப் பின்னேரம் நிரப்பி வைக்கிறன். அப்பவும் அழிஞ்சா வேறை மண்டபந்தான்."

செஷன் நேரத்தை மட்டும் கூட்டிவிடலாம். ஆனால் சேர்வர் ஒருமுறை நின்று எழும்பினால் மெமரியில் உள்ளது போய்விடும். ஆகவே சேர்வர் நின்றாலும் அழியாத டேட்டாபேஸில் செஷனுக்கென்று ஒரு டேபிள், அதாவது அட்டவணை, போட்டேன். ஒவ்வொரு கட்டம் நிரப்பியதும் விபரம் அதில் எழுதப்படும். போனில் இருப்பது ஒரு குக்கி, வெப்சைட் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பு, அதற்குள் ஊகிக்க முடியாத நீண்ட இலக்கம். ஆள் திரும்பி வந்தால் அந்த இலக்கத்தைக் கொண்டு விபரத்தை எடுத்து நிரப்ப வேண்டும். ஆயுள் இரண்டு நாள். நீங்களும் இப்படிச் செய்தால், காசு கட்டும் கார்ட் இலக்கத்தை மட்டும் அந்த டேபிளில் வைக்காதீர்கள், களவுபோகலாம். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது.

ஞாயிறு காலை தவமணி போன் எடுத்தார்.

"அண்ணை, போன் சார்ஜ் இறங்கி நிண்டுபோச்சு. இப்பதான் போட்டுத் திறந்தன். மணவறைப் பூ வரைக்கும் எல்லாம் அப்பிடியே கிடக்கு. அமத்திப்போட்டன், பதிவு நம்பரும் வந்திட்டுது."

அடுத்த கிழமை செல்வராசா, "என்ரை மண்டபம் ராசியானதெண்டு சனம் கதைக்குதண்ணை" என்றார். அந்த ராசி என் டேபிளில் இருந்தது என்று நான் அவருக்கு விளக்கவில்லை.

இப்போது எந்த வேலை வந்தாலும் முதலில் ஒன்று கேட்பேன்: நிரப்பின பிறகு உங்கடை ஆக்கள் எவ்வளவு நேரம் பொறுத்திருப்பினம்? பதிலைக் கேட்டபிறகே செஷனுக்கு ஆயுள் போடுவேன். யாழ்ப்பாணத்தில் இதைக் கேட்கிற வேறு ஆள் இருந்தால் சொல்லுங்கள், நானும் போய்ப் பார்க்கிறேன்.