அண்ணன் தம்பியும் ஒரு நட்டும்

என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் பேசிக்கொண்டு பல வருடமாகிவிட்டது. தோப்புக் கிணற்றுத் தண்ணீர் முறையில் வந்த சண்டை. நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர், அண்ணன் ராஜபாளையம். செத்த நேரத்து பஸ் பயணம்தான். ஆனால் வீம்பு பிடித்தவர்களுக்கு அதுவே தூரதேசம்.

இவருக்கு மதுரையில் இதய ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன் மாமனாரின் பழைய காரில் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே குன்றின் மேல் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். காரில் பெட்ரோல் குழாய் ஒழுகியது. அதைக் கழற்றலாம் என்றால், பம்போடு சேர்கிற இடத்தில் நட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. சூடு காட்டினால் இளகும் என்று மனுஷன் ப்ளோ லேம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்ரோல் பக்கத்தில் தீயா! ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அத்தானுக்கு, அதான் இவருடைய அண்ணனுக்கு, போன் போட்டேன்.

கார் கிடக்கட்டும், ஆபரேஷனுக்கு முன் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள வேண்டும், அதுதான் என் ஆசை. ஆனால் ஆபரேஷன் விஷயத்தை அண்ணனிடம் மூச்சுவிடக் கூடாது என்று இவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "பாவம்னு நெனச்சு ஒருத்தன் எங்கிட்டப் பேச வேணாம்."

அத்தான் வந்தார். தம்பி பக்கம் திரும்பவே இல்லை. பேச்செல்லாம் என்னிடம்தான்.

"மொதல்ல பேட்டரி வயரக் கழட்டச் சொல்லும்மா. பெட்ரோல வடிச்சு, கேனத் தூரமாக் கொண்டுபோய் வைக்கச் சொல்லு."

"வச்சாச்சுன்னு சொல்லுட்டி," என்றார் இவர், காருக்குள் தலையை விட்டபடி.

துரு இளக்கும் எண்ணெயை நட்டில் விட்டு வெகுநேரம் காத்திருந்தோம். காப்பி கொடுத்தேன். ஆளுக்கொரு திசையைப் பார்த்துக் குடித்தார்கள். தூத்தேறி, இதுவும் ஒரு பிறப்பா என்று இருந்தது.

பிறகு இரண்டு ஸ்பேனர். ஒன்றால் பம்புப் பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதால் நட்டைத் திருப்ப வேண்டும். பிடிக்காமல் திருகினால் குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். இவர் பிடித்தார், அத்தான் திருப்பினார். இரண்டு தலையும் முட்டிக்கொள்ளும் நெருக்கம்.

"கெட்டியாப் புடிக்கச் சொல்லும்மா."

"புடிச்சுத்தான் இருக்கேன்னு சொல்லு."

"நான் என்ன தபால் பெட்டியா? ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கேக்குது?" என்று கத்தினேன்.

அத்தான் முதலில் லேசாக இறுக்கினார், பிறகு தளர்த்தினார். டக்கென்று நட்டு இளகியது. இவர் சிரித்துவிட்டார், சிரித்தபடியே அண்ணன் முகத்தைப் பார்த்தார். அத்தான் குனிந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"புதுக் குழாய் வாங்கி மாட்டச் சொல்லு. வாரேம்மா."

வாசல்வரை ஓடினேன். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சத்தியம் பண்ணியிருந்தேனே, விழுங்கிவிட்டேன்.

மதுரையிலிருந்து இவர் உயிரோடு திரும்பவில்லை.

அத்தான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஏலே தம்பி, அண்ணன் வந்திருக்கேம்லே, கண்ணத் தொறந்து பாருலே" என்று கதறினார். சின்ன வயதுக் கதை, கிணற்றுச் சண்டை என்று பேசிக்கொண்டே இருந்தார். ஊரே அழுதது. எனக்கு அழுகை வரவில்லை. அவர் கையைப் பிடுங்கி அப்பால் தள்ளினேன்.